ஏழாவது ஆளின் விசில்

4 மார்ச் 2013, திங்கள்

மழை. வலை காயவில்லை, ஆற்றுக்குப் போகவில்லை. அதனால் எழுதுகிறேன்.

நேற்று எழுதிய பக்கத்தை சுல்மீராவுக்குப் படித்துக் காட்டினேன். ஐம்பத்தாறு வருஷமாக என் பெண்டாட்டி. "நேத்து நீ ரெண்டு மீனு புடிச்சது எனக்குத் தெரியாதா? நான்தானே வறுத்தேன். அத எதுக்கு எழுதி வேற வெச்சிருக்கே" என்றாள்.

அவளுக்குத் தெரியும்தான். ஆனால் என் கை எழுதியதை என் கண் படித்ததே. எழுபத்தொன்பது வயதில். எட்டு வரி எழுதக் காலைப் பொழுது முழுக்க ஆகிறது. ஆகட்டும்.

12 மார்ச்

முதியோர் வகுப்பில் இரசில்டா டீச்சர் ஒரு செய்தி சொன்னார். போர்க்காலத்தில் அமெரிக்கர்கள் போட்ட விமானத் தளத்தில் நினைவுக்கல் வைக்கப் போகிறார்களாம். அதன் கதையை நம் வகுப்பு சேர்த்துத் தர வேண்டும்.

"ஓடுபாதையில என் எருமைங்கதான் படுத்துக் கெடக்குது. அதுங்க பேரையும் கல்லுல போடுவீங்களா?" என்றான் திபூர்சியு. வகுப்பிலேயே மூத்தவன். எண்பத்திரண்டு.

சதுப்பில் விழுந்த குண்டு விமானத்தின் கதையை எழுதும் வேலையை நான் கேட்டு வாங்கிக்கொண்டேன். அது எழும்பியதைக் கண்ணால் பார்த்தவன் நான். நாலு எஞ்சின். கடலில் நீர்மூழ்கிகளைத் தேடப் போகும். அன்று மரங்களைத் தாண்டவில்லை. எனக்குப் பத்து வயது.

இதை நானே எழுதப் போகிறேன் என்று நினைத்தால் சிரிப்பு வருகிறது.

21 மார்ச்

பெலேம் நகரத்திலிருந்து டீச்சர் அமெரிக்கப் படையின் விபத்து அறிக்கையை நகல் எடுத்து வரவழைத்திருக்கிறார். நம் மொழியில் மாற்றி எழுதியது. ஒரு பக்கம் படிக்க இரண்டு மணி நேரம். விரல் வைத்துப் படித்தேன்.

1944 ஏப்ரல் 11. ஏழு பேர். ஆறு உடல்கள் கிடைத்தன. ஏழாவது ஆள் வானொலிக்காரன், வெர்னன் ஹால்வர்சன், இருபது வயது. சேற்றில் புதைந்திருக்க வேண்டும். அனைவரும் அக்கணமே இறந்தனர்.

இத்தனை வருஷம் எங்களுக்கு அவர்கள் 'அமெரிக்கனுங்க' மட்டும்தான். இப்போது பெயர் இருக்கிறது. ஏழையும் சத்தமாக வாசித்தேன். சுல்மீரா அடுப்படியிலிருந்து, "யார்கிட்ட பேசறே?" என்றாள்.

26 மார்ச்

அடுத்த தாள். விமானத்தில் இருந்த பொருள்கள், ஒவ்வொருவருக்கும் கொடுத்திருந்தவை. மிதவைச் சட்டை. சிறு கண்ணாடி. கைவிளக்கு. கழுத்துப்பட்டியில் கோத்த விசில் ஒன்று.

விசில்.

இன்று இதற்கு மேல் எழுத வரவில்லை.

28 மார்ச்

எழுதித்தான் ஆக வேண்டும்.

விமானம் விழுந்த அன்றே சிப்பாய்கள் சதுப்பைச் சுற்றிக் கயிறு கட்டினார்கள். யாரும் வரக் கூடாது. ஆறு பேரை எடுத்துக்கொண்டு மாலைக்குள் போய்விட்டார்கள். கயிறு மட்டும் இருந்தது.

அன்று இருட்டியதும் சதுப்புப் பக்கமிருந்து சீழ்க்கைச் சத்தம். நீளமாக ஒன்று. பிறகு குட்டையாக இரண்டு.

எங்கள் ஊரில் இருட்டில் சீழ்க்கை கேட்டால் அது யாரென்று கைக்குழந்தைக்கும் தெரியும். மாத்தின்தா. பறவையாக வரும் சூனியக்காரி. சன்னலைச் சாத்திவிட்டு, "காலைல வா, புகையிலை தர்றேன்" என்று உள்ளேயிருந்து கத்த வேண்டும். போய்விடுவாள். காலையில் யாராவது ஒரு கிழவி புகையிலை கேட்டு வாசலில் வந்து நிற்பாள். அவள்தான் இவள்.

அம்மா கத்தினாள். பக்கத்து வீட்டிலும் கத்தினார்கள். மூன்று இரவு ஊரே கத்தியது.

காலையில் புகையிலை கேட்டு யாரும் வரவில்லை. மூன்று நாளும் வரவில்லை. அதை ஏன் ஒருவரும் யோசிக்கவில்லை? நாங்கள் கத்திய சத்தம் அந்த ஏழாவது ஆளுக்குக் கேட்டிருக்கும். மனிதக் குரல். பதில் வந்துவிட்டது என்று நினைத்திருப்பானோ?

2 ஏப்ரல்

திபூர்சியுவிடம் சொன்னேன். எருமைக் கயிற்றைக் கீழே போட்டுவிட்டு உட்கார்ந்தான்.

"எங்கம்மாவும்தான் புகையிலை எடுத்து வெச்சா. ஊரே வெச்சுது. நீ என்னடா ஒண்டியா தூக்கிச் சுமக்கறே?"

"சும்மாதான்."

"விசில்லயே சேதி அனுப்பியிருக்கான். வானொலிக்காரன்னா கெட்டிக்காரனாத்தான் இருந்திருப்பான்" என்றான். "நாமதான் மடையனுங்க."

சும்மா இல்லை. அவனிடம் பாதிதான் சொன்னேன்.

3 ஏப்ரல்

மீதிப் பாதி.

நான்காம் நாள் காலை, ஏப்ரல் 14, அப்பாவின் ஓடத்தை எடுத்துக்கொண்டு கயிற்றைத் தாண்டிப் போனேன். விமானத் தகடு திருட. எல்லாப் பையன்களும் ஒன்று வைத்திருந்தார்கள், எனக்கு இல்லை. கை அகலத் தகடு கிடைத்தது. திரும்பும்போது கேட்டேன். நீளமாக ஒன்று, குட்டையாக இரண்டு. கிட்டத்தில். மூச்சுப் போதாமல் இரண்டாவது பாதியில் நின்றது.

வெயில் ஏறியிருந்தது. வெயிலில் மாத்தின்தா சீழ்க்கை அடிக்க மாட்டாள். அது எனக்குத் தெரியும். பத்து வயதில் எனக்கு அது நன்றாகத் தெரியும்.

வேகமாகத் துடுப்புப் போட்டேன். வேறு பக்கம்.

சொன்னால் அங்கே ஏன் போனாய் என்று அப்பா பெல்ட்டை எடுப்பார். நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தேன். அன்று இருட்டிய பிறகு சத்தம் இல்லை. "ஒருவழியா தொலைஞ்சா" என்றாள் அம்மா. தகட்டை ஆற்றில் போட்டேன்.

எழுதிவிட்டேன். படித்துப் பார்க்க மாட்டேன்.

17 ஏப்ரல்

டீச்சர் கல் விஷயமாக அமெரிக்காவுக்கு எழுதியிருந்தாராம். வெர்னனுடைய தங்கை இருக்கிறாள். லோர்னா, எண்பத்தைந்து வயது. டீச்சர் அவள் கடிதத்தை வகுப்பில் மாற்றிப் படித்தார்.

"அவன் வலி தெரியாமல் போனான் என்றார்கள். அதையே சொல்லிச் சொல்லி அம்மா கண்ணை மூடினாள். எனக்கு அது போதவில்லை. ஆறு பேர் கிடைத்தார்கள், இவன் எங்கே? கண்டவர், கேட்டவர் யாராவது உயிரோடு இருந்தால் சொல்லுங்கள். எதுவானாலும்."

"யாருக்காவது ஞாபகம் இருக்கா?" என்று கேட்டார் டீச்சர். திபூர்சியு என்னைப் பார்த்தான். நான் பென்சிலைச் சீவினேன்.

19 ஏப்ரல்

சுல்மீராவிடம் முழுவதும் சொன்னேன். மீன் கழுவிக்கொண்டிருந்தாள். கையைத் துடைக்காமல் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"இத்தன வருஷம் பக்கத்துல படுத்திருக்கேன். ஒரு வார்த்த சொல்லல."

"அந்தம்மா அண்ணன் நொடியில போயிட்டான்னு நெனச்சிட்டிருக்கு. அது அப்படியே நிம்மதியா இருக்கட்டுமே."

"நிம்மதியா இருக்கறவதான் தெரியாத ஊருக்குக் கடுதாசி போட்டுக் கேக்கறாளா? அவளுக்கு எம்பத்தஞ்சு, உனக்கு எம்பது ஆகப்போகுது. யாரு முதல்ல போறதுன்னு பந்தயமா வெச்சிருக்கீங்க?"

27 ஏப்ரல்

எட்டு நாளில் ஒரு கடிதம். என் வாழ்க்கையில் முதல் கடிதம். எழுதக் கற்றுக்கொண்டால் மகளுக்குத்தான் முதலில் எழுதுவேன் என்று எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தேன்.

டீச்சர் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "நீங்க அப்போ சின்னப் புள்ளைன்னு கொஞ்சம் சேர்த்து எழுதட்டுமா ஐயா?" என்றார். வேண்டாம் என்றேன். வயது போட்டிருக்கிறேன். அது போதும்.

3 ஜூன்

பதில் இல்லை.

30 ஜூலை

பதில் இல்லை. அசாயீ பழம் நன்றாகக் காய்த்திருக்கிறது. வாயில் வைத்தால் மண்ணாக இருக்கிறது.

22 ஆகஸ்ட்

வந்துவிட்டது. டீச்சர் மாற்றி எழுதித் தந்தார். நானே படித்தேன்.

"உங்கள் கடிதத்தை ஒரு முறை படித்தேன். இரண்டாம் முறை படிக்க இரண்டு மாதம் ஆனது. உங்களுக்கு என்ன சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. தெரிந்தால் எழுதுகிறேன். ஒன்று மட்டும் செய்யுங்கள். கல்லில் தேதியைத் திருத்துங்கள்."

மன்னித்தேன் என்று இல்லை. தாளின் பின்பக்கமும் பார்த்தேன். இல்லை.

9 நவம்பர், சனி

கல் திறந்தார்கள். ஓடுபாதையின் வடக்கு முனை. திபூர்சியு எருமைகளை ஓட்டிவிட்டு, கழுவிய சட்டை போட்டு வந்திருந்தான். சுல்மீரா என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள், ஊர் பார்க்க.

துணியை இழுத்ததும் படித்தேன். இப்போது விரல் வேண்டியதில்லை. ஆறு பெயர், ஆறிலும் ஏப்ரல் 11. ஏழாவதில் ஏப்ரல் 14.

நகரசபை ஆள் ஒருவன் கிட்டே வந்து குனிந்து பார்த்தான். "ஒரே விமானம்தானே? கடைசி ஆளுக்குத் தேதி தப்பா வெட்டிட்டாங்க போல" என்றான். சுற்றி நின்றவர்களும் பார்த்தார்கள்.

"தப்பு இல்ல தம்பி" என்றேன். "உக்காருங்க, சொல்றேன்."