அம்மாவின் குரல் இருந்த மெமரி கார்டு

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே நானும் அம்மாவும் உடம்புக்கு ஒரு குறைவும் இல்லாமல் இருக்கிறோம், அங்கே நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் அப்படியே இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டுதான் பேனாவை எடுத்தேன். உடம்புக்குக் குறைவில்லை என்பதை முதலிலேயே எழுதிவிட்டேன், கடிதம் என்றதும் நீ பதறுவாய் என்று எனக்குத் தெரியும், பதற்றம் என் பக்கத்திலிருந்து உனக்கு வந்த சீதனம். அம்மாவின் கழுத்தைப் போன வாரம்கூட டாக்டர் பார்த்தார், காயம் நன்றாக ஆறிவிட்டது, சாப்பாடு தடையில்லாமல் இறங்குகிறது, இனி அடிக்கடி வர வேண்டாம் என்றார். நான் எழுத வந்தது வேறு விஷயம். ஞாயிற்றுக்கிழமை நீ வீடியோவில் வந்தபோது அம்மா தூங்குகிறாள் என்றேன், அதற்கடுத்த ஞாயிறு குளிக்கிறாள் என்றேன், “எப்பப் பார்த்தாலும் என்னப்பா குளியல், அம்மாவுக்கு என் மேல ஏதாவது கோபமா” என்று கேட்டாய். கோபம் இல்லையம்மா. அவள் என் பக்கத்திலேயே, திரையில் விழாத பக்கமாக நாற்காலியைத் தள்ளிப் போட்டுக்கொண்டு உன்னைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். காரணத்தை ஃபோனில் சொல்லலாம் என்றால் அவளுக்குப் பாம்புக் காது, நான் தெருமுனையில் நின்று பேசினாலும் கேட்டுவிடும். ஃபோனில் தட்டி அனுப்பலாம் என்றால் என் கட்டைவிரல் ஒன்றை நினைத்து இன்னொன்றை அழுத்துகிறது. அதனால் கடையில் சாவி ராவும் மெஷினை நிறுத்திவிட்டு, பட்டறை மேஜையில் இரும்புத் தூளைத் தள்ளிவிட்டு எழுதுகிறேன். எழுதி முடித்ததும் படம் எடுத்து அனுப்பிவிடுவேன், தபாலில் போட்டால் அது போய்ச் சேர்வதற்குள் எனக்கு உயிர் போய்விடும்.

நீ வாங்கிக் கொடுத்த டேப்லெட்டில்தான் அம்மா பேசுகிறாள் என்பது உனக்குத் தெரியும். ஆபரேஷனுக்குப் பிறகு குரல் இருக்காது என்று டாக்டர் சொன்னதும், உள்ளறையில் ஃபேனை நிறுத்தி, ஜன்னலில் போர்வையைத் தொங்கவிட்டு, அவள் பேசப் பேச நான் பதிவு செய்தேன். படத்தைத் தொட்டால் அவள் குரலில் அந்தப் பேச்சு வரும்படி நீதான் அங்கிருந்தபடியே செய்து கொடுத்தாய். பசிக்குது, வலிக்குது என்று நான்கைந்து சொல்லி முடிப்பாள் என்று நினைத்தேன். அவளா முடிப்பாள், என்னைத் திட்டுவதற்கே தனியாக ஒரு பக்கம் நிரப்பினாள், கடை ஃபோனில் பேசுவதற்கு இன்னொரு பக்கம். இத்தனை வருஷமாகக் கடை ஃபோனை எடுத்தது அவள்தானே. கதவு சாத்திக்கொண்டு சாவி உள்ளே மாட்டிக்கொண்டவர்கள் அழுகிற குரலில் கூப்பிடுவார்கள், அவர்களைச் சமாதானம் செய்வதற்கென்றே ஒரு குரல் வைத்திருப்பாள். அதையும் பதிவு செய்தாள். குரல் போனபிறகும் அதே படத்தைத் தொட்டு, ஃபோனை டேப்லெட்டின் அருகில் பிடித்து, வாடிக்கையாளர்களைச் சமாளித்துக்கொண்டுதான் இருந்தாள், சிலருக்கு வித்தியாசமே தெரியவில்லை.

இப்படி நன்றாகப் போய்க்கொண்டிருந்ததில் மண்ணைப் போட்டது நான்தான். புதுப் பூட்டுகளைத் திறக்கிற வீடியோக்களை அவளுடைய டேப்லெட்டிலேயே சேர்த்து வைத்தேன், திரை பெரியது, என் கண்ணுக்குத் தோதாக இருந்தது. ஒருநாள் இடம் இல்லை என்று அது மக்கர் செய்தது. உன் மாமா ஒரு மெமரி கார்டு வாங்கி வந்து போட்டார். போட்டதும் திரை ஒரு கேள்வி கேட்டது, இந்தக் கார்டைத் தனியாக எடுத்துப் போகிற மாதிரி வைப்பதா, டேப்லெட்டின் சொந்த நினைவோடு சேர்த்துக்கொள்வதா என்று. அம்மாவின் தம்பிக்குத் தைரியம் சொல்லித் தரவா வேண்டும், “சேத்துக்கட்டும் மச்சான், நமக்கு இடம்தானே வேணும்” என்று அழுத்திவிட்டார். பதிவுகள் எல்லாம் கார்டுக்குப் போயின. அப்படிச் சேர்த்துவிட்டால் அந்தக் கார்டை அந்த டேப்லெட் மட்டும்தான் திறக்கும், வேறு எதில் போட்டாலும் ஒன்றுமே இல்லாத கார்டாகத்தான் தெரியும் என்பது அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. ஊரார் வீட்டுப் பூட்டையெல்லாம் திறக்கிறவன், என் வீட்டுக்குள்ளேயே ஒரு பூட்டு விழுந்ததைப் பார்க்கவில்லை.

அதோடு விட்டேனா என்றால் இல்லை. வேலை பழகிய நாளிலிருந்து பூட்டில் சாவியை விட்டுவைக்கிற வழக்கம் எனக்குக் கிடையாது, உனக்கே தெரியும், உன் சைக்கிள் சாவிக்காக நீ என்னிடம் வாங்காத திட்டா. அம்மாவின் குரல் மொத்தமும் நகக்கண் அளவு கார்டில் இருக்கிறது என்று தெரிந்ததும் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. டேப்லெட் கீழே விழுந்தால், தண்ணீர் பட்டால், எவனாவது தூக்கிக்கொண்டு போனால் என்று ஒரே யோசனை. ஆகவே அம்மா டேப்லெட்டைக் கீழே வைத்தால் போதும், என்னிடம் இருப்பதிலேயே மெல்லிய கம்பியை எடுத்துக் குத்தி, கார்டை உருவி, பஞ்சில் சுற்றி, பீரோவில் இருக்கும் நம்பர் பூட்டுப் பெட்டிக்குள் வைத்துவிடுவேன். அவள் குளிக்கப் போனாலும் உருவுவேன், பால்காரரிடம் பேசப் போனாலும் உருவுவேன். அம்மா எழுதுபலகையில், “நான் என்ன வீட்டை விட்டு ஓடியா போகப்போறேன், இப்படிப் பூட்டி வைக்கிறதுக்கு” என்று எழுதிக் காட்டினாள். நான் சிரித்துவிட்டு மறுபடியும் உருவினேன். கார்டை எடுப்பதற்கு முன்னால் எடுக்கப்போகிறேன் என்று செட்டிங்ஸில் போய் அதற்குச் சொல்ல வேண்டுமாம், அது எழுதிக்கொண்டிருக்கும்போது பிடுங்கினால் பாதி எழுத்தோடு நின்றுவிடுமாம், அதிலும் இப்படிச் சேர்த்த கார்டை எடுக்கவே கூடாதாம். எனக்கு யார் சொன்னார்கள்.

ஒரு காலையில் கடை ஃபோன் அடித்தது, அம்மா படத்தைத் தொட்டாள், சத்தம் வரவில்லை. மறுபடி தொட்டாள். படங்கள் எல்லாம் சாம்பல் நிறமாகிவிட்டன, கார்டு பழுதடைந்துள்ளது, சரிசெய்யத் தட்டவும் என்று மேலே ஒரு வரி. கார்டை என் ஃபோனில் போட்டுப் பார்த்தேன், அது ஃபார்மேட் செய்யட்டுமா என்று கேட்டது. ஏதோ சுத்தம் செய்கிற வேலை போலிருக்கிறது என்று விரலைக் கொண்டுபோனேன், கீழே பொடி எழுத்தில் எல்லாம் அழிந்துவிடும் என்று இருந்ததை நல்லவேளை கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தேன். எதிர்வீட்டுக் கணக்கு வாத்தியாரிடம் ஓடினால், “டேப்லெட்டை ரீசெட் பண்ணிடுங்க, புதுசு மாதிரி ஆயிடும்” என்றார். அதையும் செய்யத்தான் போனேன். அம்மாதான் என் கையைத் தட்டிவிட்டு டேப்லெட்டை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள், அப்படி அவளை நான் பார்த்ததில்லை.

பஸ் ஸ்டாப் பக்கம் செருப்புக் கடைக்கு மாடியில் ஃபோன் ரிப்பேர் செய்கிற பெண் ஒருத்தி இருக்கிறாள், அவளிடம் இருவரும் போனோம். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவள், “ரெண்டு பட்டனையும் அழுத்தாம வந்தீங்களே, அதுவரைக்கும் சந்தோஷம். இந்தக் கார்டுக்குச் சாவி டேப்லெட்டுக்குள்ளதான் இருக்கு. ரீசெட் பண்ணியிருந்தா சாவியே போயிருக்கும், அப்புறம் யாராலயும் திறக்க முடியாது” என்றாள். நான் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். டேப்லெட்டை முழுதாக அணைத்தாள், கார்டின் பித்தளை நிறப் பல்வரிசையை உலர்ந்த துணியால் துடைத்தாள், அதே டேப்லெட்டில் போட்டாள், போட்டுவிட்டு அது தானாக விழிக்கிற வரைக்கும் யாரும் தொடக்கூடாது என்றாள். வட்டம் சுற்றுகிறது, சுற்றுகிறது, சுற்றிக்கொண்டே இருக்கிறது. என்னென்னவோ நினைப்பு எனக்கு. வருகிறவர்கள் போகிறவர்கள் எல்லாம் டெம்பர் கிளாஸ் எவ்வளவு, சார்ஜர் இருக்கா என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள், எனக்கு அவர்கள்மேல் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. கடைசியில் படங்களுக்கு ஒவ்வொன்றாக நிறம் வந்தது. அந்தப் பெண் கைக்குக் கிடைத்த ஒன்றைத் தொட்டாள். “பயப்படாதீங்க, அவர் கிளம்பிட்டார், வந்துகிட்டே இருக்கார்” என்று அம்மாவின் குரல் கடை முழுக்கக் கேட்டது. மகளே, நான் அழுதுவிட்டேன், சார்ஜர் வாங்க வந்தவர் முன்னாலேயே அழுதேன். அம்மா என் முழங்கையைக் கிள்ளினாள்.

எடுக்க முடிந்ததை எல்லாம் எடுத்து, என் பூட்டு வீடியோக்களை அழித்த இடத்தில் டேப்லெட்டுக்குள்ளேயே வைத்துவிட்டாள். பென் டிரைவ் ஒன்றிலும் போட்டுக் கொடுத்தாள், மாமா வீட்டுக் கம்ப்யூட்டரிலும் ஏற்றியாயிற்று. இனி ஓரிடத்தில் போனாலும் இன்னோரிடத்தில் இருக்கும். ஆனால் எல்லாம் வரவில்லை. நான் பிடுங்கிப் பிடுங்கிச் சில உடைந்துவிட்டன, தொட்டால் ஒரு கரகரப்பு மட்டும் வருகிறது. என்னைத் திட்டுகிற பக்கம் ஒரு வார்த்தை குறையாமல் வந்திருக்கிறது, அது எப்படியென்று தெரியவில்லை. போனது உன்னோடு பேசுவதற்கென்று அவள் நிரப்பிய பக்கம். அதில் முதல் படம் ஒரு தவளை, ஞாபகம் இருக்கிறதா, கட்டிலுக்குக் கட்டில் தாவுகிறாய் என்று சின்ன வயதில் அவள் உனக்கு வைத்த பெயர். ஆபீஸில் ஸ்பீக்கரில் கேட்டுவிட்டது, இனிமேல் தவக்களை என்று கூப்பிடாதே என்று நீ சண்டை போட்டாய். அப்படியும் பதிவு செய்யும்போது முதலில் அதைத்தான் சொன்னாள், கூப்பிடுகிற மாதிரி ஒன்று, கோபமாக ஒன்று, கொஞ்சுகிற மாதிரி ஒன்று. மூன்றும் இல்லை. அதனால்தான் உன் முன்னால் வர மாட்டேன் என்கிறாள். மற்றதெல்லாம் இருக்கிறதே, அதை வைத்துப் பேசேன் என்று நானும் கெஞ்சிப் பார்த்தேன். “முதல்ல கூப்பிடணும். பிள்ளையைக் கூப்பிடாம எப்படிப் பேசறது” என்று எழுதிவிட்டுப் பலகையைக் கவிழ்த்து வைத்துவிட்டாள்.

இப்போது நீ ஒன்று செய்ய வேண்டும். நீ இருந்த வேலையை விட்டுவிட்டு அவ்வளவு தூரம் போகிறேன் என்று நின்றபோது, அம்மா நாள் தவறாமல் உனக்குக் குரல் செய்தி அனுப்பித் திட்டினாளே, நீகூட அதையெல்லாம் கேட்கவே மாட்டேன் என்று என்னிடம் சொன்னாயே. அந்தத் திட்டு ஒவ்வொன்றும் தவக்களை என்றுதான் தொடங்கும். அம்மா தன் ஃபோனை, இனி இது எனக்கு எதற்கு என்று ஆபரேஷன் முடிந்ததும் யாருக்கோ கொடுத்துவிட்டாள், அதில் தேட வழியில்லை. அப்போது நீ வைத்திருந்த பழைய ஃபோன் எங்கே இருக்கிறது என்று பார். அதில் கார்டு இருந்தால் அவசரப்பட்டு உருவாதே, புது ஃபோனில் போட்டுப் பார்க்காதே, எதையாவது சரிசெய்யட்டுமா என்று கேட்டால் வேண்டாம் என்று சொல். ஃபோனை சார்ஜில் போட்டு, அது இருக்கிறபடியே திறந்து, அந்தச் செய்திகளைக் கம்ப்யூட்டரில் ஒன்று, வேறெங்காவது ஒன்று என்று எடுத்து வைத்துவிட்டு எனக்கு அனுப்பு. மாப்பிள்ளையையும் பக்கத்தில் வைத்துக்கொள், அவர் நிதானமானவர். நீ அழித்திருந்தால் அதற்காக நான் ஒன்றும் சொல்ல மாட்டேன், அப்போது உனக்கு இருந்த கோபம் நியாயமான கோபம்தான். ஆனால் அதை எனக்கு மட்டும் சொல், ஞாயிற்றுக்கிழமை அம்மா பக்கத்தில் இருக்கும்போது சொல்லிவிடாதே.

குழந்தையை ஈரத்தலையோடு வெளியே அனுப்பாதே. நீ நேரத்துக்குச் சாப்பிடு. நீங்கள் மூவரும் நோய்நொடி இல்லாமல் ஒற்றுமையாக நீண்ட காலம் வாழ வேண்டும் என்று நானும் அம்மாவும் மனதார ஆசீர்வதிக்கிறோம். பழைய ஃபோன், மறந்துவிடாதே. அந்தப் பெயரை ஒரே ஒரு தடவை நல்லபடியாகச் சொல்லியிருந்தால் போதும் என்று ரிப்பேர் கடைப் பெண் சொல்கிறாள், அதை மட்டும் வெட்டி எடுத்துவிடலாமாம். வெட்ட வேண்டாம், திட்டு முழுதாகவே இருக்கட்டும் என்று நான் சொல்லி வைத்திருக்கிறேன்.

எதையும் இனி உருவுவதில்லை என்று சத்தியம் செய்திருக்கும்,
உன் அப்பா