நெட்டை அத்தை என்ன சொன்னாள்

அன்பு மகளுக்கு, அம்மா எழுதறேன். நீயும் மாப்பிள்ளையும் பாப்பாவும் உடம்புக்கு ஒண்ணும் இல்லாம இருக்கீங்கன்னு நம்பிக்கிட்டு ஆரம்பிக்கிறேன். இங்கே நானும் உன் அப்பாவும் எழுந்து நடமாடிட்டு இருக்கோம், அந்த மட்டுக்கு நல்லா இருக்கோம்னு வெச்சுக்கோ. கையில போன் இருக்கும்போது இவளுக்கு எதுக்குக் கடிதம்னு நீ நினைப்பே. போன தடவை நீ வீடு மாத்தறோம்னு சொன்னதுக்கு, அந்த ஊர்ல உனக்கு மாடு எதுக்குடின்னு கேட்டேனாம், உன் அப்பா தலையில அடிச்சுக்கிட்டு போனைப் பிடுங்கிட்டார். அப்புறம் நீ நெட்டை அத்தை எப்படி இருக்காங்கன்னு கேட்டிருக்கே, அவர் போயிட்டாள்னு ஒத்தை வார்த்தை சொல்லி வெச்சுட்டார். லாரி ஓட்டின காலத்திலேருந்தே அவர் பேச்சு அப்படித்தான், ஹாரன் அடிச்சா அடிச்சதுதான், விளக்கம் கிடையாது. நீ அன்னைக்கு முழுக்க அழுதிருப்பே. அதான் நடந்ததை நானே எழுதலாம்னு உட்கார்ந்தேன்.

முதல்ல நீ ஏற்பாடு பண்ணின காது மிஷினைப் பத்திச் சொல்லிடறேன், எல்லாம் அதோடதான் பின்னிக் கிடக்கு. போட்ட முதல் நாள் என் குரலே எனக்குக் குடத்துக்குள்ள தலையை விட்டுப் பேசற மாதிரி இருந்தது, சோத்தை மென்னா கல்லை அரைக்கிற சத்தம். மிஷின் பொருத்தற பொண்ணு நல்ல பொண்ணு, முகம் சுளிக்காது, காதுக்குள்ள போற ரப்பரை மாத்தி ஓட்டை உள்ளதா ஒண்ணு போட்டுச்சு, அது சரியாப் போச்சு. வீட்டுக்குள்ள ரொம்ப நல்லாவே கேட்டுச்சு, பொய் சொல்லக் கூடாது. குழாய் சொட்டறது, கதவு முனகறது, உன் அப்பா என் முதுகுக்குப் பின்னாடி முணுமுணுக்கறது எல்லாம் கேட்டுச்சு. இத்தனை வருஷம் என்னை என்னன்னு முணுமுணுத்திருக்கார்னு எனக்குத் தெரிஞ்சதும் மனுஷனுக்கு முகம் வெளுத்துப் போச்சு. ஆனா வாசலைத் தாண்டினா வேற கதை. பஸ் ஸ்டாண்டுல ஒரு ஹாரன் அடிச்சா கன்னத்துல அறை விழுந்த மாதிரி இருக்கும். அந்தப் பொண்ணுகிட்ட போய்ச் சொன்னா பெரிய சத்தத்தைக் குறைச்சு வெக்கும், காதுக்கு இதமா இருக்கும், ஆனா ஆள் பேசறது வாயில பஞ்சை அடைச்சுக்கிட்டுப் பேசற மாதிரி ஆயிடும். சரி கூட்டி வைம்மான்னா பேச்சு தெளியும், கூடவே தட்டும் டம்ளரும் நாற்காலி இழுக்கறதும் ஊசியாக் குத்தும். அப்படியே மாத்தி மாத்திப் போய் வந்தேன். கடைசியில கூட்டமான இடத்துக்குன்னே தனியா ஒண்ணு வெச்சுக் குடுத்துச்சு, பட்டனை அமுக்கினா ரெண்டு தடவை கூவும், அப்புறம் பின்னாடி சத்தத்தை அடக்கி எதிர்ல இருக்கிறவங்க பேச்சை மட்டும் எடுக்கும்னு சொன்னுச்சு. சுவத்துக்கு முதுகைக் காட்டி உட்காருங்கம்மா, அடுப்புப் பக்கம் வேண்டாம், பேசறவங்க முகத்துல வெளிச்சம் விழணும்னு பாடம் வேற.

நெட்டை அத்தையை உனக்கு நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்ல, நூல் மில்லுல என் பக்கத்து மிஷின், நான் ஷிப்டுக்குப் போன நாள்ல உனக்குத் தலை பின்னி விட்டவள். அந்த மிஷின் இரைச்சல்ல யார் கத்தினாலும் கேட்காது, நாங்க ரெண்டு பேரும் உதட்டைப் பார்த்தே ஊர்க்கதை பூரா பேசுவோம், மேஸ்திரியை அவர் எதிர்லயே திட்டுவோம், அவருக்கு ஒண்ணும் தெரியாது. என்கிட்ட அந்த மில் காதை எடுத்துக்கிச்சு, அவள்கிட்ட பஞ்சுத் தூசி நெஞ்சை எடுத்துக்கிச்சு. வேலையை விட்டப்புறமும் வாரத்துல ஒரு நாள் பஸ் ஸ்டாண்டு டீக்கடையில சந்திப்போம். அன்னைக்கும் போனேன், பட்டனை அமுக்கினேன், சுவத்து ஓரமா உட்கார்ந்தேன், அந்தப் பொண்ணு சொன்ன எல்லாத்தையும் செஞ்சேன். அவள் எதிர்ல உட்கார்ந்து டம்ளரைப் பார்த்துக்கிட்டே பேசினாள். கெட்ட செய்தியை யார் நிமிர்ந்து பார்த்துச் சொல்றாங்க? கடைக்காரர் பால் பாத்திரத்தை இறக்கினார், யாரோ பெஞ்சை இழுத்தாங்க, நடுவுல எனக்கு டாக்டருங்கறது கேட்டுச்சு, எல்லாம் முடிஞ்சதுன்னு சொல்லிட்டாங்கங்கறது கேட்டுச்சு. ரொம்ப நாளா டெஸ்ட்டு டெஸ்ட்டுன்னு அலைஞ்சுக்கிட்டு இருந்தாளே, அது முடிஞ்சு போச்சுன்னு நினைச்சேன். அப்பாடா, நல்லதாப் போச்சு போ, இனிமே நீ நிம்மதியா இருன்னேன். பல் தெரியச் சிரிச்சுக்கிட்டே சொன்னேன்டி. அவள் அப்போதான் நிமிர்ந்தாள். கொஞ்ச நேரம் என்னையே பார்த்தாள், என் கையை ஒரு தட்டு தட்டிட்டு எழுந்து போயிட்டாள். பஸ்ஸுக்கு நேரமாச்சு போலன்னு நான் மிச்ச டீயைக் குடிச்சேன்.

அடுத்த வாரம் அவள் வரலை, அதுக்கு அடுத்த வாரமும் வரலை. அவள் மகன் உன் அப்பாவைக் கடைத்தெருவுல பார்த்து அம்மாவை ஆஸ்பத்திரியில சேர்த்திருக்கோம், இனிமே மருந்துல ஒண்ணும் ஆகாதுன்னு அன்னைக்கே சொல்லிட்டாங்கன்னு சொல்லியிருக்கான். இவர் வீட்டுக்கு வந்து என் முகத்துக்கு நேரா நின்னு ஒவ்வொரு வார்த்தையா சொன்னார். உடனே ஓடியிருக்கணும், ஆனா நான் என்ன செஞ்சேன் தெரியுமா, முதல்ல மிஷின் பொண்ணுகிட்ட போனேன். இன்னொரு தடவை தப்பாக் கேட்டுடக் கூடாதுன்னு பயம். படுத்திருக்கிறவங்க மெல்லிசாப் பேசறது வார்டு சத்தத்துல கேட்கற மாதிரி வெச்சுக் குடும்மா, அது மட்டும் போதும்னு கேட்டேன். பாவம், அந்தப் பொண்ணு சாப்பிடக்கூடப் போகாம உட்கார்ந்து, ஒரு ஸ்பீக்கர்ல கூட்ட இரைச்சலை ஓட விட்டு, கிசுகிசுன்னு ஒவ்வொரு வார்த்தையா சொல்லி, நான் திருப்பிச் சொல்லி, ஏத்தி இறக்கி, ஒரு வழியா முக்கால்வாசி சரியாச் சொல்ற அளவுக்குக் கொண்டு வந்துச்சு. எனக்கு அவ்வளவு சந்தோஷம். உன் அப்பாவோட ஆஸ்பத்திரிக்குப் போற வழியெல்லாம் என்ன பேசணும்னு சொல்லிப் பார்த்துக்கிட்டே போனேன்.

வார்டுல போய்ப் பார்த்தா அவள் வாயை மூடி மூக்கு வரைக்கும் ஆக்சிஜன் மாஸ்க். உதடு தெரியல. மேலே ஒரு பெரிய ஃபேன் கடகடன்னு, ஆக்சிஜன் உஸ்ஸுன்னு, பக்கத்துக் கட்டில்ல சொந்தக்காரங்க கூட்டமா நின்னு பேசறாங்க, ஒரு டிராலி போகுது, இன்னொண்ணு வருது. என்னைப் பார்த்ததும் அவள் கண்ணு பெரிசாச்சு, கையைப் பிடிச்சுக்கிட்டாள், பிடின்னா அப்படி ஒரு பிடி. நர்ஸ் ஏதோ சீட்டைக் குடுத்து உன் அப்பாவைக் கீழே அனுப்பிட்டாங்க, மகன் டாக்டரைப் பார்க்கப் போயிருந்தான். நாங்க ரெண்டு பேர்தான். அவள் பேச ஆரம்பிச்சாள். மாஸ்க்குக்குள்ள ஆவி படறது தெரியுது, மறையுது, படறது, பேசறாள்னு அதை வெச்சுத்தான் தெரியும். பட்டனை அமுக்கினேன், கூட்டினேன், ஃபேன்தான் பெரிசாச்சு. காதை அவள் முகத்துகிட்ட கொண்டு போனா மிஷின் கீச்சுன்னு ஊளையிடுது, பக்கத்துக் கட்டில்காரங்க திரும்பிப் பார்த்தாங்க. கழட்டிக் கையில வெச்சுக்கிட்டு வெறும் காதை வெச்சேன், ஒண்ணுமே இல்ல. அவள் மாஸ்க்கை இறக்கினாள், உதட்டைப் பார்க்கறதுக்குள்ள நர்ஸ் ஓடி வந்து திரும்ப மாட்டி விட்டுட்டாங்க. அப்புறமும் ரொம்ப நேரம் பேசினாள்டி. நடுவுல நிறுத்தி நிறுத்தி மூச்சு வாங்கிக்கிட்டு, விடாம. கடைசியில புருவத்தைத் தூக்கி என்னைப் பார்த்தாள், ஏதோ கேட்கறாள்னு தெரிஞ்சுது. நான் சரின்னு தலையை ஆட்டினேன். அவள் கண்ணை மூடிக்கிட்டாள். நான் சரின்னது அவளுக்குச் சரியான பதிலா, டீக்கடையில சொன்ன மாதிரி இன்னொண்ணா, எனக்குத் தெரியாது. மறுநாள் விடியறதுக்குள்ள போயிட்டாள்.

எல்லாம் முடிஞ்சு ஜனங்க கலைஞ்சப்புறம் அவள் மகன் என் பக்கத்துல வந்து உட்கார்ந்தான். மிஷின் இருக்குதான்னு பார்த்துட்டு, நிதானமா, அம்மா உங்களைக் கூட்டிட்டு வரச் சொல்லிக்கிட்டே இருந்தாங்க, உங்ககிட்ட என்ன சொன்னாங்கன்னு கேட்டான். அமைதியான அறை, அவன் கேட்டது ஒவ்வொரு எழுத்தும் தெளிவாக் கேட்டுச்சு. ஏதாவது நல்லதா ஒண்ணைச் சொல்லிடலாம்னு வாய் வரைக்கும் வந்துச்சு. சொல்லலை. எனக்குக் கேட்கலைப்பான்னேன். அதனால என்னங்கம்மான்னுதான் சொன்னான், ஆனா உடனே எழுந்து போகலை, நான் மறந்ததை ஞாபகப்படுத்திக்குவேன்ங்கற மாதிரி உட்கார்ந்தே இருந்தான். அப்புறம் இந்தப் பக்கம் வரலை.

நான் திரும்பக் காது டெஸ்ட்டுக்குப் போனேன். இருந்ததுலயும் இன்னும் கொஞ்சம் போயிருக்காம். மிஷின் மேலயும் தப்பில்ல உங்க மேலயும் தப்பில்லம்மா, மிஷின் சத்தத்தைக் கூட்டத்தான் செய்யும், பிரிச்சுக் குடுக்க வேண்டியது காது, அதுகிட்ட பெரிசா மிச்சம் இல்லன்னு அந்தப் பொண்ணு சொன்னுச்சு, சொல்லிட்டு அதுதான் அழுதுச்சு. அதனால இதைவிட ஒசந்த மிஷின் வந்திருக்கு அனுப்பறேன்னு கிளம்பாதே, வேண்டாம். மெல்லிசான குரல்தான் முதல்ல போகுமாம், பாப்பா பேசறது எனக்கு இப்பவே காத்து அடிக்கிற மாதிரிதான் இருக்கு. நான் பதில் பேசலைன்னு, ஆச்சி என்மேல கோவமா இருக்காங்களான்னு கேட்டாளாமே, அப்படி நினைக்க விடாதே, நீ எடுத்துச் சொல்லு. உன் அப்பா முன்னே எல்லாம் கத்துவார், ஏலம் விடறீங்களான்னு நானும் சண்டைக்குப் போவேன். இப்போ கத்தறதில்ல. தண்ணி வேணும்னா தானே எழுந்து எடுத்துக்கிறார். ஒரு விஷயத்தை மூணு தடவை சொல்றதுக்கு அது அவ்வளவு முக்கியமான்னு மனுஷன் யோசிக்க ஆரம்பிச்சுட்டார் போல. சண்டை போட்ட வீடுன்னு யாரும் நம்ப மாட்டாங்க.

நீ மிஷின் ஓடற இடத்துல வேலை பார்க்கறே, காதுக்கு அடைப்பான் குடுத்தா வேர்க்குது அரிக்குதுன்னு கழட்டி வெக்காதே, நாங்க, மில்லுல காதுக்கு வெக்கக் குடுத்த பஞ்சை விளக்குத் திரிக்கு எடுத்துட்டுப் போனவங்க. நேரத்துக்குச் சாப்பிடு, மாப்பிள்ளையைக் கேட்டேன்னு சொல்லு. நீங்க மூணு பேரும் குறையில்லாம இருக்கணும், அதைத் தவிர எனக்குக் கேட்க ஒண்ணும் இல்ல. இனிமே கடிதமே போடு. பெரிய விஷயம் மட்டும் எழுதணும்னு இல்ல. போன்ல பேசறப்போ நடு நடுவே நீ எதுக்கோ சிரிக்கிறே, தோள் குலுங்கறது படத்துல தெரியுது, நானும் கூடவே சிரிச்சு வெக்கிறேன். நீ எதுக்குச் சிரிச்சேன்னு எழுது.

உன் அம்மா.