கடைசி பெஞ்சில் வந்து உட்கார்ந்தவர்

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. அம்மாவின் முழங்கால் ஒன்றைத் தவிர இங்கே எல்லோரும் சுகம். உன்னையும் மாப்பிள்ளையையும் ஆண்டவர் அப்படியே சுகமாக வைத்திருக்க வேண்டுகிறோம். அண்ணன் வீட்டுச் சின்னதுக்குப் பல் முளைத்து, கையில் கிடைப்பதையெல்லாம் கடிக்கிறது. நேற்று என் காதும் தப்பவில்லை.

போனில் என் குரல் சரியில்லை என்றாயே, காரணம் இருக்கிறது. நம் ஆலயத்தில் கீபோர்டு வாசிக்கும் மியூசிக் டீச்சரின் மகன், உன்னோடு படித்தவன், அவன்மேல் குடிபோதையில் லாரியை ஏற்றிக் கொன்ற டிரைவர் தண்டனை முடிந்து வெளியே வந்துவிட்டார். இப்போது குடிப்பதில்லை. ஒரு ஞாயிறு ஆராதனைக்கு வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். பாட்டின் நடுவில் டீச்சர் நிமிர்ந்து பார்த்தார், கை நின்றுவிட்டது, சபை இசையில்லாமலே பாடி முடித்தது. போகும்போது டிரைவர் என்னிடம், திருவிருந்தில் எல்லோரோடும் மண்டியிட்டு அப்பமும் ரசமும் வாங்க எனக்கும் இடம் உண்டா ஐயா என்று கேட்டார். அன்று மாலையே சபைச் செயலாளர் நம் வீட்டுக்கு வந்து, "அந்த ஆள் உள்ள வந்தா பாதி சபை வெளிய போயிடும்" என்றார். அவர் செருப்பைப் போடுவதற்குள் வாலிபர் குழு வந்து, "மன்னிப்பைப் பத்திப் பேசிட்டு வாசலை மூடுவீங்களா?" என்றது. எனக்குச் சோறு இறங்கவில்லை. வாரம் முழுக்க ஞானம் கேட்டு முழங்காலில் நின்றேன். மன்னிப்பைப் பற்றி ஒரு பிரசங்கமும் எழுதினேன். படித்துப் பார்த்தால் அது சபைக்குச் சொன்னதாக இல்லை, ஒரே ஒரு தாயைப் பார்த்து விரல் நீட்டியதாக இருந்தது. கிழித்துப் போட்டேன். அம்மாதான், "இவ்வளவு ஜெபிக்கிறீங்களே, டீச்சர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா?" என்றாள். அவருக்காக எல்லோரும் பேசினோம், அவரிடம் யாரும் பேசவில்லை.

போனேன். டீச்சர் உட்காரச் சொல்லவில்லை. "மன்னிக்கச் சொல்லத்தானே வந்தீங்க?" என்றார். "இல்லம்மா, என்ன செய்யணும்னே எனக்குத் தெரியலை. உங்களைக் கேக்காம எதுவும் செய்யக் கூடாதுன்னு மட்டும் தெரியுது" என்றேன். உள்ளே போய் அடுப்பை அணைத்துவிட்டு வந்தார். "எனக்கு முன்னாடி அவர் மண்டி போடுறதை என்னால பாக்க முடியாது. இப்ப முடியாது" என்றார். அங்கிருந்து நேரே டிரைவரின் அறைக்குப் போய், டீச்சர் சொல்லும்வரை ஆலயத்துக்கு வர வேண்டாம், திருவிருந்தை நானே இங்கே கொண்டு வருகிறேன் என்றேன். முகம் இறுகிப்போயிற்று. "அவங்க சொல்லவே இல்லைன்னா?" என்றார். "நான் வந்துகிட்டே இருப்பேன்" என்றேன். செயலாளருக்கும் கோபம், வாலிபர்களுக்கும் கோபம். ஒருவன் முகத்துக்கு நேரே கோழை என்றான். இருக்கலாம் என்று எனக்கே தோன்றியது, ஆனாலும் போய்க்கொண்டிருந்தேன்.

சில மாதம் அப்படியே ஓடியது. நேற்று ஆராதனை முடிந்து எல்லோரும் போனபின் டீச்சர் கீபோர்டு வயரைச் சுருட்டிக்கொண்டே, டிரைவரின் அறைக்கு வேறு யாராவது வருவார்களா என்று கேட்டார். நானும் அவரும் மட்டும்தான் என்றேன். சுருட்டிய வயரை அவிழ்த்து மறுபடி சுருட்டினார். "வரட்டும் ஐயா. நான் கீபோர்டைப் பாத்துக்கிட்டுதான் இருப்பேன். ஆனா ஒருத்தரும் வந்து என் கையைப் பிடிச்சு, பெரிய மனசும்மான்னு சொல்லக் கூடாது. நீங்களும்தான்" என்றார். வாய்வரை வந்ததை விழுங்கிவிட்டுத் தலையை மட்டும் ஆட்டினேன்.

ஆண்டவர் உங்கள் இருவரையும் கண்ணின் மணிபோலக் காப்பாராக. பல் டாக்டரைப் பார்ப்பதைத் தள்ளிப்போடாதே, மாப்பிள்ளையையும் வேளைக்குச் சாப்பிடச் சொல். வருகிற ஞாயிறு டிரைவர் ஆலயத்துக்கு வருகிறார். அன்றைக்கு நான் எங்கே வாயை மூட வேண்டும் என்று எனக்குத் தெரிய வேண்டும், மறக்காமல் ஜெபித்துக்கொள்.

என்றும் உன் நினைவாக,
அப்பா