தைலம் ஒட்டிய கண்ணாடி

மச்சான்,

இன்று காலை கண்ணாடிப் பெட்டியைத் திறந்ததும் உன் தைல வாசனை அடித்தது. டிரோன் கேமராவில் மாட்டும் கருப்புக் கண்ணாடிகளை எல்லாரும் என்டி ஃபில்டர் என்பார்கள். உனக்கு அவை ‘கூலிங் கிளாஸ்’. தலைவலிக்குத் தைலம் தேய்த்த விரலாலேயே அவற்றை எடுப்பாய். நான் கத்துவேன், துடைப்பேன். “வெயில்தான் மச்சான், ஒண்ணும் ஆகாதுலா,” என்பாய். கேட்டது கண்ணாடியைப் பற்றி, பதில் தலைவலிக்கு. அந்தத் தலைவலி உன்னைக் கொண்டுபோகும்வரை நானும் அது வெயில் என்றே நம்பினேன்.

ரெங்கத்துத் தோட்டக் கோயிலில் இன்று கும்பாபிஷேகம். நீயில்லாமல் நான் எடுத்த முதல் வேலை. பெட்டியில் இரண்டு கண்ணாடிகள். மெல்லிய கருப்பில் உன் கட்டைவிரல் ரேகை அப்படியே இருக்கிறது. அதை மாட்டினால் துடைத்தாக வேண்டும். நல்லவேளை, வெயில் கொளுத்தியது. அடர்ந்ததை மாட்டி டிரோனை ஏற்றினேன்.

உனக்குத் தெரியாததா? கண்ணாடி வெளிச்சத்தைக் குறைத்தால்தான் கலசத்தில் ஊற்றும் தண்ணீர் படத்தில் வழுக்கிக்கொண்டு இறங்கும். இல்லாவிட்டால் வெட்டி வெட்டி விழும். ஆனால் குருக்கள் குடத்தோடு சாரத்தில் ஏறும்போது செம்பனைக் காட்டுப் பக்கமிருந்து மேகம் வந்து மூடியது. திரையில் கோபுரமே இருண்டுவிட்டது. இறக்கி, அணைத்து, கண்ணாடி மாற்றி ஏற்றுவதற்குள் ஊற்றிவிட்டால்? இதை விட்டால் இனி பன்னிரண்டு வருஷம்.

அப்போதுதான் கூட்டம் “கருடன்! கருடன்!” என்று கத்தியது.

பெக்கோக் கோயில் கும்பாபிஷேகத்தில் இப்படிக் கருடன் வந்தபோது, கூடவே பறந்து எடுக்கலாம் என்று நான் குதித்தேன். “நம்ம டிரோன் குறுக்க நின்னா அது எப்படி சுத்தும்? இறக்கு மச்சான்,” என்றாய். அன்று முழுக்க உன்னோடு பேசவில்லை.

இன்று இறக்கினேன். கோயில் தலைவர் ஓடி வந்தார்.

“தம்பி, ஏன் கீழ வந்திருச்சு?”

“கருடனுக்கு வழி விட்டேங்கய்யா.”

அவர் கைகூப்பி வானத்தைப் பார்த்தார். குருக்களும் குடத்தோடு காத்திருந்தார். நான் டிரோனை அணைத்துவிட்டு மெல்லிய கண்ணாடியை எடுத்தேன். உன் ரேகை வரிவரியாகத் தெரிந்தது. துடைக்கும் துணியைத் தேட நேரமில்லை. சட்டை நுனியால் ஒரே துடைப்பு. போய்விட்டது மச்சான். அழக்கூட விடாமல் பயம் பிடித்துத் தள்ளியது.

கருடன் விலகியது. டிரோன் மேலே நின்றதும் குடம் சாய்ந்தது. தண்ணீர் வழுக்கிக்கொண்டு இறங்கியது, நீ ஆசைப்படுகிற மாதிரியே.

ஸ்கூடாய் வீட்டுக்கு வந்து சேர்ந்ததும் சட்டை நுனியை முகர்ந்து பார்த்தேன். உன் தைலம் இருக்கிறது, லேசாக. வீட்டில் யாராவது துவைக்கிற மெஷினில் போட்டுவிடுவார்களோ என்று ஒரே பயம். சட்டையைச் சுருட்டி டிரோன் பைக்குள் வைத்துவிட்டேன். அடுத்த வேலைக்கும் கூட வரும்.