ஓலைக்குக் காத்திராத கையைப் பற்றுமாறு மச்சைக்கோட்டைக்கு விடுத்த கட்டளை

நாடித்துடிப்பு நிலைபெறுக! நரம்பும் நாளமும் தளராது வாழ்க! ஒரு மானிட உடம்பையே எல்லையாகக் கொண்ட மெய்ந்நாட்டை, தலைநகராம் சென்னியூரில் வீற்றிருந்து ஆளும் வேந்தரின் ஆணைப்படி, இரட்டைச் சிறுநீரகக் கோட்டத்து அமைச்சன் நன்னாகன், எலும்புகளின் உள்ளே குருதி பிறக்கும் மச்சைக்கோட்டையின் படைமுதலி கொற்றங்கண்ணனாருக்கு விடுக்கும் ஓலை. உம் கோட்டைக்கும் குடிக்கும் நலம் வேண்டுகிறோம். இங்கே நலம் இல்லை.

செந்நீர் தடித்துவிட்டது. மூச்சுக்காற்றைச் சுமக்கும் செவ்வணுக்கள் தேர்த்திருவிழாக் கூட்டம் போல வீதிகளை அடைத்து நிற்கின்றன. சென்னியூரின் குறுந்தெருக்களில் சில நாள் முன்பு ஓட்டம் தடைப்பட்டது. வேந்தரின் பேச்சுக் குழறிப் பின்பு தெளிந்தது. வலக்கை மட்டும் இன்னும் மரத்தே கிடக்கிறது. மறுமுறை தடைப்பட்டால் அரசும் இல்லை, நாடும் இல்லை என்று அவைப்பெரியோர் அஞ்சுகின்றனர்.

அவையில் பழி எம்மேல் விழுந்தது. செவ்வணு வேண்டுமென ஓலை விடும் உரிமை எமக்கே உரியதாதலின், அளவின்றி ஓலை விடுத்து நாட்டைக் கெடுத்தவர் யாமே என்று முகத்துக்கு நேரே உரைத்தார்கள். கேளும் ஐயா, வயிறு எரிகிறது! காற்றுக் குறைந்தால் அன்றி எழுத்தாணியைத் தொடாதவர் யாம். ஆற்றில் போட்டாலும் அளந்து போடும் குடியில் பிறந்தவர் யாம். செந்நீர் தடிக்கத் தொடங்கியதுமே ஓலைகளை ஏறக்குறைய நிறுத்திவிட்டோம்.

ஓலை இன்றியும் செவ்வணு பிறப்பது எவ்வாறு என்று அறிய, ஒற்றன் வேழனை உம் கோட்டைக்கு விடுத்தோம். அவன் கண்டது விளங்க, முன்னோர் வகுத்த முறையை முதலில் கூறுகிறோம். நீர் அறிந்ததே ஆயினும் பொறுத்தருளும்.

எம் ஓலை, செவ்வணுக்களைப் பெற்றெடுக்கும் உம் கோட்டை வீடுகளில் எதனுள்ளும் நுழைவதில்லை. வாயிற்படியில் பொருந்தி நின்றுவிடும். வாயிலின் உட்புறம் முத்திரைக்காவலன் இருப்பான். அவனை ஒட்டியே பிடியாளன் ஒருவன் நின்று, ஓலை வரும்வரை அவன் கையை அழுத்திப் பிடித்திருப்பான். ஓலை பொருந்தியதும் பிடி தளர, உள்ளே காத்திருக்கும் தூதர்க்குக் காவலன் முத்திரை இடுவான். முத்திரை பெற்ற தூதர் இருவர் இருவராய்க் கைகோத்து, வீட்டின் நடுவே உள்ள அகமாளிகை புகுவர். அங்கே மரபு முழுவதும் எழுதிய குலஏடு உள்ளது. எல்லா வீட்டிலும் ஏட்டின் வாசகம் ஒன்றே. எந்த இதழ் அவிழும் என்பதில்தான் வீட்டுக்கு வீடு வேறுபாடு. தூதர் தொட்ட இதழை எழுத்தர் படியெடுக்க, பட்டறையார் அதன்படி செய்து முடிப்பர். வீட்டார் மடியாதிருக்கவும் பெருகவும் ஆன ஏவல்கள் அவ்விதழ்களில் உள்ளன. அவற்றோடு கதவடைப்போனைப் படைக்கும் இதழும் அவிழும். அவன் வந்து காவலன் கையை அடக்கி வாயிலைச் சாத்துவான். அதனால்தான் இந்நாட்டில் எந்த ஏவலும் எல்லை மீறியதில்லை.

வேழன் கண்டதோ வேறு. ஒரு வீட்டில், குலஏட்டில் நேர்ந்த சிறு பிறழ்வால், பிடியாளன் பிடியற்றவனாகவே பிறந்திருக்கிறான். வாயிற்படி வெறுமையாய்க் கிடக்க, காவலன் முத்திரை இட்டுக்கொண்டே இருந்தானாம். ஓலை எங்கே என்று வேழன் அதட்டியதற்கு, ஓலையாவது ஒன்றாவது, கை நிற்க மாட்டேன் என்கிறதே ஐயா, நான் என்ன செய்வேன் என்று அழுதானாம். கதவடைப்போன் வந்து முட்டி மோதியும் அக்கை அடங்கவில்லை. அவ்வீட்டின் வழித்தோன்றல்கள் யாவரும் அதே பிடியற்ற காவலனோடு பிறந்து, இன்று உம் கோட்டையை நிறைத்திருக்கின்றனர்.

அது உம் இளைய மகன் செம்பூதனின் வீடு. எழுதவே நெஞ்சு கூசுகிறது. நீர் அறிந்து மறைத்தீர் என்று யாம் கருதவில்லை. பேரக்குடி பெருகக் கண்டு மகிழ்ந்திருப்பீர். எந்தத் தந்தைதான் மகிழான்? ஆயினும் காக்கைக்குத் தன் குஞ்சு பொன்குஞ்சு என்று நீர் இருந்தால் நாடு இருக்காது.

ஆகவே கட்டளை. மிகுந்த செந்நீரை மதகு திறந்து வடிக்கிறோம். இவ்வோலையோடு, புறநாட்டு மருத்துவர் அளித்த கைக்கட்டு வீரர் வருகின்றனர். பிடியாளன் செய்யத் தவறியதை அவர் செய்வர். பிடி இழந்த காவலனையும் பிடியுள்ள காவலனையும் அவர் பிரித்தறியார். எல்லார் கையும் ஓரளவு கட்டுண்ணும், பொறுத்துக்கொள்ளும். செம்பூதன் வீட்டை வேரறுக்க அவராலும் இயலாது. அவன் வாயிலில் நீரே நாளும் நின்று, கட்டு அவிழாமல் காக்க வேண்டும்.

இன்னொன்று. செந்நீரை வடித்தால் காற்றுக் குறையக்கூடும். குறைந்தால் எம் கை தானே எழுத்தாணியை எடுக்கும்; செவ்வணு அனுப்புக, அனுப்புக என்று கெஞ்சியும் எழுதும். அது எம் பிறவிக்குணம். அவ்வோலை பொய்யாய் இராது, எம் இலச்சினையும் மெய்யாய் இருக்கும். ஆயினும் வேந்தர் நலம் பெறும்வரை அதற்கு இணங்கிக் கட்டைத் தளர்த்தாதீர். எம்மை எம் சொல்லுக்கு எதிராகவே தடுக்கும் அதிகாரத்தை உமக்கு இதனால் அளித்தோம்.

மெய்ந்நாடு நிலைக்க. அரச இலச்சினை கீழே உள்ளது. கோணலாய் விழுந்திருப்பது கண்டு போலி என்று ஐயுற வேண்டா. வேந்தர் தாமே இடுவேன் என்று பிடிவாதம் செய்து, அந்த மரத்த கையால் இட்டது.