ஒற்றைச் சாக்ஸ்

என்னங்க,

நைட் டூட்டி முடித்துத் தூங்குகிறவரை எழுப்ப மனம் வரவில்லை. சாப்பாடு மேசையில் மூடியிருக்கிறது.

உங்கள் நீலச் சாக்ஸில் ஒன்றைத் தேட வேண்டாம். "அப்பா வாசனை" என்று பாப்பா தினமும் டே கேருக்குக் கொண்டுபோகிறாளே, அதுதான். "சாக்ஸைக் கொடுத்தா அழுகை நின்னுடுமா?" என்று நேற்றுகூடச் சண்டை போட்டீர்கள்.

இன்று வாசலில் அவள் அழவில்லை. புதிதாகச் சேர்ந்த பையன் தேம்பிக்கொண்டிருந்தான். "இந்தா, எங்கப்பா சாக்ஸ். வச்சுக்கோ. உங்கம்மா சாயங்காலம் வந்துடுவாங்க" என்று அவன் கையில் திணித்துவிட்டு, எனக்கு டாட்டா காட்டி உள்ளே போய்விட்டாள். அழுதது நான்தான். கடவுள் நம் பிள்ளைக்கு நல்ல மனசைக் கொடுத்திருக்கிறார்.

சாயங்காலம் நீங்களே போய்க் கூட்டிவாருங்கள்.

பி.கு.: அந்தப் பையனிடம் சாக்ஸைத் திருப்பிக் கேட்காதீர்கள். இன்னொன்றைத் துவைக்காமல் எடுத்து வைத்திருக்கிறேன்.