நிலத்தைக் காட்டிய கமரா

என் கூடப் பிறக்காத ராசன் அண்ணைக்கு,

பருத்தித்துறையில் நாம் இருவரும் தொடங்கிய ஸ்ரூடியோவை இன்னும் திறந்துதான் வைத்திருக்கிறேன். கலியாண அல்பம் கேட்டு வருபவர்கள் குறைந்துவிட்டார்கள். இப்போது பொம்பிளையும் மாப்பிள்ளையும் வள்ளத்தில் நிற்க, மேலே ட்ரோன் பறக்க, பின்னேரத்துக்குள் ரீல்ஸ் போய்விட வேண்டும். மீன் சந்தையில் விலை கேட்கக்கூட ஒரு யூடியூப்காரர் மைக்கோடு நிற்கிறார். "உவங்களுக்கு வேறை வேலையில்லையோ" என்று ஏசிவிட்டு, அடுத்த நாள் நீங்களும் ஒரு மைக் வாங்கியிருப்பீர்கள்.

எங்களுக்குச் சோறு போடுவது, வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளுக்குக் காட்டும் செத்தவீட்டு லைவ்தான். கனடா லைன் அறுந்தால் சடங்கை நிறுத்திவைப்பது இங்கே வழக்கமாகிவிட்டது. "ஐயா, கொஞ்சம் பொறுங்கோ, பிள்ளையள் இன்னும் பாக்கேல்லை" என்று முதன்முதலில் குருக்களை மறித்தது நீங்கள்தானே?

உங்கள் செத்தவீட்டிலும் நான்தான் கமரா பிடித்தேன். கனடாவில் இருக்கும் உங்கள் மகள் நிரூபா அப்போது பிள்ளைத்தாச்சி. விமானம் ஏற வேண்டாம் என்று டொக்டர் சொல்லிவிட்டார். உங்கள் முகத்தைக் கடைசியாகப் பார்க்க அவளுக்கு இருந்தது அந்த லைவ் மட்டும்தான்.

பெட்டியை மூட மூடியைத் தூக்கியபோது என் கை தாழ்ந்துவிட்டது அண்ணை. கமரா நிலத்தைப் பார்த்தது. லைன் அறவில்லை, ஆகவே யாரும் குருக்களை மறிக்கவும் இல்லை. நான் நிமிர்ந்தபோது உங்களைத் தூக்கிவிட்டார்கள்.

ஊரில் எத்தனை பேரின் பிள்ளைகளுக்கு ஒழுங்காகக் காட்டினேன். உங்கள் பிள்ளைக்கு மட்டும் ஏன் முடியாமல் போனது? அந்த வெட்கத்தில் ஒரு வருடமாக அவளுடைய அழைப்பை நான் எடுக்கவேயில்லை.

போன கிழமை உங்கள் திவசத்துக்கு அவள் கைக்குழந்தையோடு வந்தாள். நேரே ஸ்ரூடியோவுக்குள் வந்து, "அப்பான்ரை வீடியோவைத் தாங்கோ சித்தப்பா" என்றாள்.

"நிலம் வாற இடத்தை வெட்டிப்போட்டுத் தாறன் பிள்ளை," என்றேன். அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் துணிவில்லை.

"வெட்டாதேங்கோ. இவரும் வேலையிலை, நான் வீட்டிலை தனிய இருந்துதான் பாத்தனான். படம் போன பிறகும் நீங்கள் அழுத சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. அந்த நேரம் என்னோடை சேந்து அழ நீங்கள் ஒராள்தான் இருந்தனீங்கள்."

குழந்தையை என் மடியில் இருத்திவிட்டாள். உங்கள் மூக்கு, அப்படியே.

வீடியோவை வெட்டாமல் கொடுத்துவிட்டேன் அண்ணை. இனி அவள் கனடாவிலிருந்து கோல் எடுத்தால், முதல் மணியிலேயே பேசுவேன்.

உங்கள் நிரூபாவின் சித்தப்பா,
குணம்